வால்ரஸுக்குக் கொம்பு இருந்த காலம்: இன்யூட் செதுக்கலில் கரிபூ

இன்னைக்கு எபிசோட் ஆர்க்டிக் பக்கம். ஃபேன் ஸ்பீடைக் கொஞ்சம் குறைச்சுட்டு உட்காருங்க, ரொம்ப வடக்கே போறோம்.

முதல்ல ஒரு கதை. இன்யூட் மக்கள் சொல்லும் பழைய கதை இது. ஆதியில் ஒரு கிழவி இரண்டு விலங்குகளைப் படைத்தாள். தரையில் மேய்வதற்குக் கரிபூ என்கிற மான். கடலில் நீந்துவதற்கு வால்ரஸ், அதாவது மீசையும் பெரிய உடம்புமாக பனிப்பாறை மேல் படுத்துக் கிடக்குமே, அது. படைக்கும்போது ஒரு குளறுபடி நடந்தது. கரிபூவுக்கு வாயில் தந்தத்தை வைத்துவிட்டாள். வால்ரஸுக்குத் தலையில் கொம்பை வைத்துவிட்டாள். விளைவு என்னாச்சு? வேட்டைக்குப் போனவனைக் கரிபூ தந்தத்தால் குத்தியது. கயாக் படகில் போனவனை வால்ரஸ் கொம்பால் முட்டிக் கவிழ்த்தது. இப்படியே போனால் மனிதர்கள் பிழைக்க முடியாது என்று கிழவி இரண்டையும் கூப்பிட்டாள். தந்தத்தை எடுத்து வால்ரஸிடம் கொடுத்தாள், கொம்பை எடுத்துக் கரிபூவிடம் கொடுத்தாள். அன்றிலிருந்துதான் இப்போது நாம் பார்க்கிற மாதிரி.

ஊருக்கு ஊர் இந்தக் கதை கொஞ்சம் மாறும். ஆனால் மாறாத இரண்டு பொருளைக் கவனிங்க: தந்தம், கொம்பு. ஆர்க்டிக்கில் செதுக்குபவரின் கையில் பல நூற்றாண்டுகளாக இருந்த முக்கியமான மெட்டீரியல் இவை இரண்டும்தான். ஒன்று கடல் கொடுப்பது, இன்னொன்று நிலம் கொடுப்பது.

இந்த எபிசோடில் நான் சொல்ல வருவது ஒரே விஷயம். பழைய காலத்தில் கரிபூ செதுக்கலின் பொருளாகத்தான் எங்கும் இருந்தது, உருவமாகக் கொஞ்சம்தான் இருந்தது. கடந்த 75 வருஷத்தில் அது அப்படியே தலைகீழாகிவிட்டது. இன்று கடையில் கரிபூ சிற்பம் நிறைய, ஆனால் அது கல்லில். இந்த மாற்றத்துக்கு நடுவில் ரசனை மட்டும் இல்லை, பசியும் இருக்கிறது.

முதல்ல பேர் குழப்பத்தைத் தீர்த்துடலாம்

நம்ம ஸ்கூல் புத்தகத்தில் "எஸ்கிமோ" என்று படித்தோம். கனடாவிலும் கிரீன்லாந்திலும் அந்தப் பெயரை மரியாதைக் குறைவாகவே பார்க்கிறார்கள். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது இன்யூட். "மக்கள்" என்று அர்த்தம். ஒருவர் என்றால் இனுக். அலாஸ்காவின் வடக்கில் இருப்பவர்கள் இன்யுபியாட்.

அடுத்து மான். ரெயின்டீர், கரிபூ இரண்டும் உயிரியல்படி ஒரே இனம். சைபீரியாவிலும் ஸ்காண்டிநேவியாவிலும் மந்தையாக வளர்க்கப்படுவதை ரெயின்டீர் என்பார்கள். கிறிஸ்துமஸ் கார்டில் சான்டா வண்டியை இழுப்பது அதுதான். வட அமெரிக்காவில் காட்டில் திரிவதைக் கரிபூ என்பார்கள். கனடா இன்யூட் மொழியான இனுக்டிடுட்டில் அதற்கு "துக்து" என்று பேர்.

பேரில் இருக்கும் வித்தியாசத்தை விட முக்கியமானது உறவில் இருக்கும் வித்தியாசம். ரெயின்டீருக்குச் சொந்தக்காரர் உண்டு. கரிபூவுக்குக் கிடையாது. கனடாவின் இன்யூட் மக்கள் மானை மேய்க்கவில்லை, அது வரும் வழியில் காத்திருந்தார்கள். வந்தால் சாப்பாடு, உடை, கூடாரம், கருவி எல்லாம் கிடைக்கும். வராவிட்டால் ஒன்றும் கிடையாது. இதை மனசில் வைச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

கொம்புன்னா எந்தக் கொம்பு?

தமிழில் மாட்டுக்கும் கொம்பு, மானுக்கும் கொம்பு. ஆனால் இரண்டும் வேற வேற பொருள். மாட்டுக் கொம்பின் உள்ளே எலும்பு, மேலே நம்ம நகம் மாதிரியான உறை. அது ஆயுளுக்கும் இருக்கும். மான் கொம்பு அப்படி இல்லை. அது முழுக்க எலும்பு. ஒவ்வொரு வருஷமும் விழுந்து, புதுசா முளைக்கும். அதனால் கொம்புச் செதுக்கல் என்றாலே ஒரு வகை எலும்புச் செதுக்கல்தான்.

கரிபூவிடம் இன்னொரு விசேஷம். மான் குடும்பத்தில் பெண்ணுக்கும் வழக்கமாகக் கொம்பு முளைப்பது இந்த ஒரு இனத்தில்தான். பெரிய ஆண்கள் இணைசேரும் காலம் முடிந்ததும் குளிர்காலத் தொடக்கத்தில் கொம்பை உதிர்த்துவிடும். சினையாக இருக்கும் பெண்கள் குட்டி போடும் வசந்தகாலம் வரை வைத்திருக்கும். அதனால் கொம்பு வேட்டையில் மட்டும் கிடைப்பதில்லை, தரையில் உதிர்ந்தும் கிடக்கும். ஒரு உயிரையும் கொல்லாமல் பொறுக்கி எடுக்கக்கூடிய எலும்பு அது.

மெட்டீரியலாகப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். சாதாரண எலும்பை விட மான் கொம்பில் தாதுப்பொருள் கொஞ்சம் குறைவு, கொலாஜன் என்கிற புரதத்தின் பங்கு அதிகம். அதனால் விறைப்பு குறைவு, ஆனால் அடி தாங்கும். இரண்டு ஆண் கரிபூக்கள் தலையை முட்டி மோதும்போது உடையாமல் இருக்க இயற்கை செய்துவைத்த ஏற்பாடு. இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லணும்னா, டஃப்னெஸ்.

இதை எப்படி வேலை செய்வார்கள்? கொம்பின் வெளிப்பக்கம் கெட்டியாக இருக்கும், நடுவில் ஸ்பாஞ்ச் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். தண்ணீரில் ஊறப்போட்டால் செதுக்க இளகும். நீளவாக்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளக் கோடுகளை அந்த ஸ்பாஞ்ச் வரை ஆழமாக இழுப்பார்கள். பிறகு நடுவில் இருக்கும் பட்டையை நெம்பி எடுத்தால் நேரான ஒரு துண்டு கிடைக்கும். அதிலிருந்து அம்பு முனை, கத்திப் பிடி, பனியை வெட்டும் கத்தி, கண்ணைக் கூசும் பனி வெளிச்சத்திலிருந்து காக்கும் கீறல் கண்ணாடி என்று எல்லாமே வரும்.

ஒரு முக்கியமான விஷயம்: டன்ட்ராவில் மரம் கிடையாது. கடலில் மிதந்து வந்து கரை ஒதுங்கும் கட்டைதான் அவர்களுக்கு மரம். அது கிடைக்காத இடங்களில் வில்லையே கரிபூ கொம்பில் செய்தார்கள். ஒரே நீளத்தில் கிடைக்காது என்பதால் துண்டுகளை இணைத்து, பின்பக்கம் முழுக்கக் கரிபூவின் முதுகுத் தசைநாரை முறுக்கிக் கட்டுவார்கள். இழுவிசை முழுவதையும் அந்த நார் வாங்கிக்கொள்ளும். வில் கரிபூ கொம்பு, கட்டு கரிபூ நார், அம்பு முனை கரிபூ கொம்பு, எய்பவர் போட்டிருப்பது கரிபூ தோல். குறி? அதுவும் கரிபூ.

உருவத்தில் கரடி, பொருளில் கரிபூ

இப்போ வரலாற்றுக்குப் போகலாம். 1925இல் டயமண்ட் ஜென்னஸ் என்ற மானுடவியலாளர், கேப் டோர்செட் பகுதியிலிருந்து வந்த பழம்பொருட்களை ஆராய்ந்து, இவை இன்யூட்டுக்கு முந்தைய வேறு ஒரு பண்பாட்டைச் சேர்ந்தவை என்று கண்டுபிடித்தார். அதற்கு டோர்செட் பண்பாடு என்று பேர் வந்தது. இன்யூட் வாய்மொழி வரலாற்றில் இவர்களுக்கு ஏற்கெனவே ஒரு பேர் உண்டு: துனீட். ஏறக்குறைய 2,500 வருஷத்துக்கு முன்னால் தொடங்கி, சுமார் 700 வருஷத்துக்கு முன்பு வரை வாழ்ந்தவர்கள்.

இவர்களுடைய செதுக்கல்கள் மிகச் சின்னவை. பல உருவங்கள் விரல் நீளம் கூட வராது. வால்ரஸ் தந்தம், கொம்பு, மரக்கட்டை எல்லாவற்றிலும் செதுக்கினார்கள். ஒரு விநோதம், டோர்செட் மக்களிடம் துளைபோடும் டிரில் கிடையாது. ஓட்டை வேண்டுமென்றால் சுரண்டிச் சுரண்டித்தான் போடுவார்கள். அதனால் அகழாய்வில் கிடைக்கும் பொருளில் ஓட்டை வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் இருந்தால், டோர்செட்டாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் யூகிப்பார்கள்.

அவர்கள் என்ன செதுக்கினார்கள்? பனிக்கரடி, மனித முகம், பறவை. கரிபூ உருவம் கொஞ்சம்தான். ஆனால் கரிபூ கொம்பு? அது நிறைய. ஒரே கொம்புத் துண்டில் ஒன்றோடு ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்கும் பல மனித முகங்களைச் செதுக்கிய கோல்கள் கிடைத்திருக்கின்றன. சில முகங்கள் சாந்தமாக, சில முகங்கள் பாதி மிருகமாக. ஷாமன் சடங்குகளோடு தொடர்பு இருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

டோர்செட்டுக்குப் பிறகு வந்தவர்கள் தூலே மக்கள். இன்றைய இன்யூட்டின் நேரடி முன்னோர்கள். அலாஸ்காவிலிருந்து கிளம்பி, நாய் வண்டியோடும் பெரிய தோல் படகுகளோடும் கிழக்கே கிரீன்லாந்து வரை பரவினார்கள். 1921 முதல் 1924 வரை நுட் ராஸ்முசென் தலைமையில் நடந்த ஐந்தாவது தூலே பயணத்தில், தெர்கெல் மத்தியாசென் என்பவர் இன்றைய நௌயாட் ஊருக்குப் பக்கத்தில் தோண்டித்தான் இந்தப் பண்பாட்டை முதன்முதலாக விவரமாக எழுதினார். தூலே மக்களிடம் வில் டிரில் இருந்தது. ஒரு சின்ன வில்லின் கயிற்றைக் குச்சியில் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தால் குச்சி சுழலும். ஓட்டை அழகாக வட்டமாக வரும்.

கடலுக்குத் தந்தம், நிலத்துக்குக் கொம்பு

1977இல் ராபர்ட் மெக்கீ என்ற கனடா தொல்லியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். அவர் கேட்ட கேள்வி ரொம்ப எளிமை. தூலே மக்கள் எந்தக் கருவியை எந்தப் பொருளில் செய்தார்கள், ஏன்?

கடல் விலங்கை வேட்டையாடும் ஹார்பூன் முனைகளை எடுத்துப் பார்த்தார். பெரும்பாலும் தந்தம், இல்லை கடல் விலங்கின் எலும்பு. நிலத்து விலங்கை எய்யும் அம்பு முனைகளைப் பார்த்தார். கொம்பு. ஏன் இந்தப் பிரிவினை? செய்வதற்கு எளிது என்றோ, உறுதி அதிகம் என்றோ சொல்லி இதை முழுசாக விளக்க முடியவில்லை. அடி தாங்குவதில் கொம்பு நல்ல பொருள், ஹார்பூனுக்கும் அது பொருந்தியிருக்கும்.

அப்போது மெக்கீ, ராஸ்முசென் காலத்தில் இன்யூட் பெரியவர்கள் சொன்ன கட்டுப்பாடுகளை நினைவுபடுத்தினார். கடலையும் நிலத்தையும் கலக்கக் கூடாது. வால்ரஸ் கறியையும் கரிபூ கறியையும் ஒரே நாளில் சாப்பிடக் கூடாது. குளிர்காலத்துக்கான கரிபூ தோல் உடைகளைக் கடல் பனி மேல் குடியேறுவதற்கு முன்பே தைத்து முடித்துவிட வேண்டும். கடலுக்கு அடியில் வாழும் பெண் தெய்வத்துக்குக் கோபம் வந்தால் விலங்குகளை அனுப்ப மாட்டாள். அந்த ஒழுங்குதான் கருவியிலும் தெரிகிறது என்றார் மெக்கீ. கடலின் பக்கம் தந்தம், நிலத்தின் பக்கம் கொம்பு. கருவியின் வேலை மட்டுமில்லை, பொருளுக்கும் ஒரு அர்த்தம் இருந்திருக்கிறது.

இப்போ அந்தக் கிழவி கதையை மறுபடி நினைச்சுப் பாருங்க. தந்தமும் கொம்பும் இடம் மாறினால் மனிதர்கள் சாகிறார்கள். அதது அததன் இடத்தில் இருந்தால் எல்லோரும் பிழைக்கிறார்கள். கதை சொல்வதும் அகழாய்வில் கிடைத்ததும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன.

இதற்கு ஒரு அழகான விதிவிலக்கு அலாஸ்காவில் இருக்கிறது. இன்யுபியாட் மக்கள் டிரில் வில்லை வால்ரஸ் தந்தத்தில் செய்தார்கள். அதன் மேல் ஊசி மாதிரி நுணுக்கமாகக் கீறி, கீறலில் கரியைத் தேய்த்துப் படம் வரைந்தார்கள். திமிங்கில வேட்டை, கூடாரம், நடனம், அப்புறம் வரிசையாக ஓடும் கரிபூக்கள். ஆற்றில் நீந்தும் கரிபூக்களைக் கயாக்கில் துரத்தும் காட்சிகளும் உண்டு. 1826, 1827இல் அந்தக் கரைக்குப் போன பிரிட்டிஷ் கப்பல் பிளாஸம், கேப்டன் பீச்சி தலைமையில், இப்படிப்பட்ட வில்களை வாங்கிக்கொண்டு வந்தது. கரிபூவின் கதையைக் கடல் தந்தம் சுமந்தது அங்கேதான். ஆனாலும் அது காட்சிப்பொருள் இல்லை. தினமும் ஓட்டை போடப் பயன்பட்ட டூல்.

கரிபூ வராத வருஷம்

இன்யூட்டில் பெரும்பாலானவர்கள் கடலோரத்துக்காரர்கள். சீல், வால்ரஸ், திமிங்கிலம் எல்லாம் அவர்களுக்கு பேக்கப். ஆனால் ஹட்சன் விரிகுடாவுக்கு மேற்கே, உள்நாட்டில், கடலை நம்பாமல் கரிபூவை மட்டும் நம்பி வாழ்ந்த குழுக்கள் இருந்தன. ஐந்தாவது தூலே பயணத்தில் போன கை பிர்கெட்-ஸ்மித் இவர்களைப் பற்றித் தனியாக ஒரு பெரிய ஆய்வு எழுதினார். "கரிபூ இன்யூட்" என்றே இவர்களுக்குப் பேர் வந்தது. கசான் ஆற்றில் கரிபூ மந்தை கடக்கும் இடத்தில் இலையுதிர் காலத்தில் காத்திருந்து வேட்டையாடுவார்கள். அந்த இடம் இன்று கனடாவின் தேசிய வரலாற்றுத் தலம்.

நம்ம ஃபீல்டில் இதுக்கு "சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்" என்று சொல்வோம். ஒரே ஒரு சர்வர் விழுந்தால் மொத்த சிஸ்டமும் விழும். இங்கே அந்த சர்வர், ஒரு மான் மந்தை. அது வேறு வழியில் போய்விட்டால் குளிர்காலம் பட்டினி.

அரசாங்கங்கள் இதற்குக் கொடுத்த முதல் மாற்று என்ன தெரியுமா? ரெயின்டீர். காட்டு மானை நம்பாதே, வளர்ப்பு மானை வைத்துக்கொள் என்றார்கள். அலாஸ்காவில் 1891, 1892இல் ஷெல்டன் ஜாக்சன் என்ற மிஷனரி சைபீரியாவிலிருந்து ரெயின்டீரை வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தார். மேய்க்கக் கற்றுக்கொடுக்க முதலில் சுக்சி மேய்ப்பர்கள், பிறகு ஸ்காண்டிநேவியாவிலிருந்து சாமி மேய்ப்பர்கள் வந்தார்கள். கனடாவும் இதைப் பார்த்து 1929இல் அலாஸ்காவில் சுமார் 3,000 ரெயின்டீரை வாங்கியது. ஆண்ட்ரூ பார் என்ற சாமி மேய்ப்பர் தலைமையில் அந்த மந்தையைத் தரைவழியாகவே மெக்கன்சி டெல்டாவுக்கு ஓட்டினார்கள். 1929 டிசம்பரில் கிளம்பி, 1935 மார்ச்சில் போய்ச் சேர்ந்தார்கள். வந்து சேர்ந்தவை 2,382. அவற்றில் பெரும்பாலானவை வழியில் பிறந்தவை!

ஆனால் வேட்டைக்காரரை ஒரு உத்தரவில் மேய்ப்பராக மாற்ற முடியாது. டெல்டாவில் மந்தை நிலைத்தது, ஆனால் நினைத்த அளவுக்குப் பரவவில்லை. உள்நாட்டுக் கரிபூ இன்யூட்டுக்கு அது எட்டவே இல்லை.

1950இல் எனடாய் ஏரிக் கரையில் வாழ்ந்த அஹியார்மியுட் என்ற கரிபூ இன்யூட் குழுவை அரசு நுவெல்டின் ஏரிக்கு மாற்றியது. அவர்கள் நடந்தே திரும்பி வந்துவிட்டார்கள். 1957இல் மறுபடி விமானத்தில் ஏற்றி ஹெனிக் ஏரிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். கரிபூ வராத இடம். அந்தக் குளிர்காலத்தில் பட்டினியாலும் குளிராலும் ஆட்கள் இறந்தார்கள். மிச்சமிருந்தவர்களை 1958இல் கடலோர ஊரான ஆர்வியாட்டுக்குக் கொண்டுபோனார்கள். கனடா அரசு இதற்கு மன்னிப்புக் கேட்டது 2019 ஜனவரியில். 60 வருஷத்துக்கும் மேலாகிவிட்டது.

இரண்டாவது மாற்று: சிற்பம்

இதே காலத்தில் இன்னொரு மாற்றம் நடந்தது. 1940களின் கடைசியில் வெள்ளை நரித் தோலின் விலை சரிந்தது. வேட்டையோடு நரித் தோல் விற்றுத் துப்பாக்கி ரவை, மாவு, தேயிலை வாங்கிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு வருமானம் போனது. 1948இல் ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற இளம் ஓவியர் கியூபெக்கின் வடக்குப் பகுதியில் இருக்கும் இனுக்யுவாக் ஊருக்குப் போனார். அவர் பின்னாளில் சொன்ன கதைப்படி, படம் வரைந்து கொடுத்ததற்குப் பதிலாக ஒரு இனுக் அவர் கையில் வைத்தது ஒரு சின்னக் கல் உருவம். என்ன உருவம்? கரிபூ.

1949இல் மான்ட்ரியாலில் ஒரு கைவினைச் சங்கம் அவர் வாங்கி வந்த செதுக்கல்களை விற்பனைக்கு வைத்தது. சில நாட்களில் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. அரசும் ஹட்சன்ஸ் பே கம்பெனியும் இதில் இறங்கின. ஊர் ஊராகக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. உதவித்தொகைக்குப் பதில் சம்பாத்தியம், ரெயின்டீருக்குப் பதில் சிற்பம்.

வாங்குபவர்கள் கேட்டது மேஜை மேல் நிற்கும் பெரிய உருவம். தந்தத்திலும் கொம்பிலும் அந்த சைஸ் கிடைக்காது. அதனால் முன்பு விளக்கும் பானையும் செய்யப் பயன்பட்ட சோப்புக் கல்லும், பச்சை நிறப் பாம்புக் கல்லும் முன்னுக்கு வந்தன. தொட்டுப் பார்க்கும் சின்னப் பொருளாக இருந்தது, நின்று பார்க்கும் பெரிய பொருளாக மாறியது. இனுக்டிடுட்டில் சிற்பத்துக்கான சொல்லின் வேர் "சனா", அதாவது செய்வது, உழைப்பது. அதோடு "போலி" அல்லது "சாயல்" என்ற பொருள் தரும் விகுதி சேரும். செய்யப்பட்ட சாயல். இந்தச் சாயலுக்குத்தான் இப்போது மார்க்கெட்.

இந்தக் காலத்துச் சிற்பத்தைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தால் சிலவற்றில் ஒரு எண் இருக்கும். 1941 முதல் கனடா அரசு ஒவ்வொரு இன்யூட்டுக்கும் ஒரு வில்லை கொடுத்தது. கிழக்குப் பகுதிக்கு ஒரு எழுத்து, மேற்குக்கு ஒரு எழுத்து, பிறகு நம்பர். கழுத்தில் மாட்டிக்கொள்ளணும். இன்யூட்டுக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால் அதிகாரிகளுக்கு ரெக்கார்ட் வைக்க வசதி. 1968இல்தான் ஏப் ஒக்பிக் என்ற இன்யூட் தலைவர் ஊர் ஊராகப் போய்க் குடும்பப் பெயர்களைப் பதிவு செய்யத் தொடங்கினார். அதற்கு முன்னால் உலகப் புகழ் பெற்ற சில சிற்பங்களின் கையெழுத்து, ஒரு யூசர் ஐடி.

கல் உடம்பு, நிஜக் கொம்பு

இந்தப் புதிய உலகத்தில் கரிபூவைக் கையில் எடுத்த இரண்டு பேரைச் சொல்லியே ஆகணும்.

ஒருவர் கின்ங்காய்ட் ஊரின் ஒசுயிடோக் இபீலி. கேப் டோர்செட் என்று முன்னால் சொன்னேனே, அதே ஊர். 2005இல் காலமானார். பாம்புக் கல்லில் கரிபூ செய்வார். கல் கனமானது, எளிதில் உடையும். ஆனால் அவருடைய கரிபூக்கள் மெல்லிய கால்களில் நிற்கும். எடை எங்கே விழுகிறது என்று கணக்குப் போட்டால்தான் அந்த பேலன்ஸ் வரும். சரி, கொம்பு? கல்லில் அவ்வளவு மெல்லிய கிளைகளைச் செதுக்கினால் லேசாகப் பட்டாலே போச்சு. அதனால் தலையில் இரண்டு ஓட்டை போட்டு, நிஜக் கரிபூ கொம்பில் செதுக்கிய குட்டிக் கொம்பைச் செருகுவார். இது பல சிற்பிகளின் வழக்கம். பார்சல் அனுப்பும்போது கழற்றி வைக்கலாம், போய்ச் சேர்ந்ததும் மாட்டலாம்.

இன்னொருவர் பேக்கர் லேக்கின் லூக் இக்சிக்தார்யுக், 1909 முதல் 1977 வரை வாழ்ந்தவர். நுனாவுட்டில் கடலோரம் இல்லாத ஒரே ஊர் பேக்கர் லேக். கரிபூ இன்யூட்டின் பல குழுக்கள் பட்டினிக் காலத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த ஊர். எல்லோரும் கல்லுக்குப் போனபோது இவர் கொம்பிலேயே நின்றார். கொம்பின் வளைவை மாற்றவே மாட்டார். அந்த வளைவிலேயே ஒரு மனிதர் குனிந்திருப்பார், ஒரு பறவை கழுத்தை நீட்டியிருக்கும். முகத்தில் கண்ணும் வாயும் சும்மா ஒரு கீறல். அவருடைய புகழ்பெற்ற காட்சி, பறை நடனம். ஒருவர் பெரிய வட்டப் பறையோடு நடுவில், சுற்றிலும் பாட்டுப் பாடுபவர்கள். உள்நாட்டில் அந்தப் பறைக்குப் போர்த்துவதே கரிபூ தோல்தான்.

1972இல் அமெரிக்கா கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. கனடாவில் செய்த தந்தச் செதுக்கல், திமிங்கில எலும்புச் சிற்பம் எல்லாம் அமெரிக்காவுக்குள் போகத் தடை. பக்கத்தில் இருக்கும் பெரிய மார்க்கெட் ஒரே நாளில் மூடியது. ஆனால் கரிபூ கடல் பாலூட்டி இல்லையே! கொம்புக்குத் தடை இல்லை. கடலுக்கும் நிலத்துக்கும் நடுவில் பழைய தெய்வம் போட்ட கோட்டை, இந்த முறை வாஷிங்டன் போட்டது.

எண்ணிக்கை சொல்லும் கதை

இப்போ கடைசிப் பகுதி. சிற்பத்தில் கரிபூ பெருகிக்கொண்டிருந்தபோது டன்ட்ராவில் என்ன நடந்தது?

பாதர்ஸ்ட் மந்தை, 1986இல் சுமார் 4,70,000. 2018இல் 8,200. 2021இல் சுமார் 6,200. கியூபெக்–லாப்ரடார் பகுதியின் ஜார்ஜ் ரிவர் மந்தை ஒரு காலத்தில் 7 லட்சத்துக்கும் மேல், 2018இல் சுமார் 5,500. ஒசுயிடோக்கின் ஊர் இருக்கும் பாஃபின் பகுதியில் 2014 கணக்கெடுப்பில் மொத்தமே சுமார் 4,600. 2015 ஜனவரியில் நுனாவுட் அரசு அங்கே கரிபூ வேட்டையை முழுசாக நிறுத்தியது. அதே வருஷம் பிறகு 250 ஆண் மான்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது.

காரணம் என்ன என்பதில் சண்டை இருக்கிறது. காலநிலை மாற்றம், குளிர்காலத்தில் மழை பெய்து உறைந்து புல்லை மூடுவது, சுரங்கச் சாலைகள், ஓநாய், வேட்டை என்று பட்டியல் நீளும். கரிபூ கூடும், குறையும், மறுபடி வரும், எங்கள் தாத்தா காலத்திலும் இப்படி நடந்தது என்று இன்யூட் பெரியவர்கள் பலர் சொல்கிறார்கள். பழைய பதிவுகளும் அந்த ஏற்ற இறக்கத்தைக் காட்டுகின்றன. ஆனால் பழைய ஏற்ற இறக்கத்தின் போது பூமி இந்த வேகத்தில் சூடாகவில்லை, நடுவில் சுரங்கச் சாலையும் இல்லை.

இன்யூட் சிற்பம் என்றாலே "அழிந்துபோன பழைய வாழ்க்கையின் நினைவு" என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. பறை இன்னும் அடிக்கிறார்கள், தோல் உடை இன்னும் தைக்கிறார்கள், கோட்டா எவ்வளவு என்று கூட்டம் போட்டு விவாதிக்கிறார்கள். சிற்பத்தை விற்ற காசில் ஸ்னோமொபைலுக்கு பெட்ரோல் போட்டு வேட்டைக்குப் போகிறவர்களும் உண்டு. கரிபூ வராததால் சிற்பத்துக்கு வந்தார்கள். அந்தச் சிற்பமே மறுபடி கரிபூவைத் தேடிப் போக வழிசெய்கிறது.

அதனால் அடுத்த முறை மியூசியத்திலோ இணையத்திலோ இன்யூட் கரிபூ சிற்பம் ஒன்றைப் பார்த்தால், உடம்பை மட்டும் பார்க்காதீங்க. தலைக்கு மேல் பாருங்க. உடம்பு கல், எங்கே வேண்டுமானாலும் வெட்டி எடுக்கலாம். ஆனால் அந்தக் கொம்பு ஒரு உயிருள்ள கரிபூவின் தலையில் முளைத்தது. மந்தை இல்லையென்றால் அந்த இரண்டு ஓட்டைகளும் காலியாகத்தான் இருக்கும்.